இருபத்தைந்தில் வைத்த வீடு

ஐம்பத்திரண்டு வயதில் இரண்டாம் தடவை கல்யாணம் செய்துகொண்ட சிவனேஸ்வரி, கிளேட்டனில் பதினெட்டு வருடம் இருந்த வாடகை வீட்டை விட்டுவிட்டு, குளிர்காலம் தொடங்கும் மே மாதக் கடைசியில் விமானமேறி, இன்னொரு நகரத்திலுள்ள செவன் ஹில்ஸுக்கு வந்து சேர்ந்தாள். முதல் கணவர் இறந்து ஒன்பது வருடமாகியிருந்தது. மகள் லக்சிகா வேலை கிடைத்து பிரிஸ்பேனுக்குப் போனபோது, அம்மா தனியாக இருக்கக்கூடாது என்று பிடிவாதம் பிடித்தாள். புதுக் கணவர் சிறிதரனைத் தேடிக் கண்டுபிடித்தவள் சிநேகிதி யோகா.

சிறிதரனுக்கு ஐம்பத்தேழு. தம்பி தங்கைகளுக்கு ஒரு வழி செய்து முடிப்பதற்குள் தன் கல்யாணத்துக்கான வயது கடந்துபோய்விட்டதென்று நினைத்துக்கொண்டிருந்தவர். உறைந்த சாப்பாட்டுப் பெட்டிகள் அடுக்கிவைக்கும் ஒரு களஞ்சியத்தில் இருபது வருடமாக ஃபோர்க்லிஃப்ற் ஓட்டுகிறார். அதிகம் பேசமாட்டார். சாப்பிட்டு முடித்ததும் தன் கோப்பையைத் தானே கழுவி வைப்பார். அவளை இன்னும் "நீங்கள்" என்றுதான் கூப்பிட்டார்.

அவளுக்கு எல்லாம் பிடித்திருந்தது, ஒன்றைத் தவிர. வீடு சுட்டது.

குசினிக்குப் போகும் வழியில் சுவரில் ஒரு சின்ன வெள்ளைப் பெட்டி இருந்தது. வீடு முழுவதும் கூரைக்குள்ளால் சூடான காற்றை அனுப்பும் ஹீற்றருக்கு அதுதான் கட்டளையிடும் பெட்டி. அவள் வந்திறங்கிய அன்று அதில் இருபத்தைந்து என்று இருந்தது. அன்றிலிருந்து அந்த எண் அசையவேயில்லை.

கிளேட்டன் வீட்டில் ஒரேயொரு பழைய காஸ் ஹீற்றர்தான். காலையில் அரை மணி, மாலையில் ஒரு மணி போடுவாள். மற்ற நேரமெல்லாம் சுவெற்றரும் போர்வையும்தான். அதோடு இப்போது வயதும் சேர்ந்துகொண்டது. மாதவிலக்கு நிற்கிற காலம். வெங்காயம் வெட்டிக்கொண்டு நிற்கும்போதே திடீரென்று நெஞ்சிலிருந்து ஒரு சூடு கிளம்பி, கழுத்து, காது, தலை என்று ஏறும். இரண்டு நிமிடத்தில் முதுகு நனைந்துவிடும். அந்த நேரத்தில் தலைக்கு மேலிருந்தும் சூடான காற்று ஊதினால் என்னதான் செய்வது.

ஆனால் எப்படிச் சொல்வது? பகல் முழுக்க உறைபனிக்குள் நின்று வேலை செய்கிற மனுஷன், வீட்டிலாவது கொஞ்சம் சூடாக இருக்கட்டும் என்று நினைத்தாள். வந்து ஆறு கிழமை ஆகவில்லை, அதற்குள் அவருடைய வீட்டுப் பெட்டியில் கைவைப்பதா? ஆகவே மெல்லிய பருத்திச் சட்டைகளைத் தேடி எடுத்து உடுத்தாள். தாங்க முடியாதபோது உடுப்புக் காயவிட்டதைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் பின்வளவுக்குப் போய், கொடிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். கிளிப்புகளை ஒரு பக்கத்திலிருந்து மற்றப் பக்கத்துக்கு நகர்த்துவாள். குளிர்ந்த காற்று கழுத்தில் படும்போது உயிர் வந்ததுபோல இருக்கும்.

சிறிதரனுக்கும் ஒரு பழக்கம் இருந்தது. சாப்பாடு முடிந்து கொஞ்ச நேரத்தில், "காரை ஒருக்காப் பாத்திட்டு வாறன்" என்று எழும்பிப் போவார். இருபது நிமிடம், சிலவேளை அரை மணி. அப்படி என்னதான் வருத்தம் அந்தக் காருக்கு என்று அவள் யோசித்ததுண்டு. கேட்கவில்லை.

ஜூலையில் ஒரு சனிக்கிழமை. வெளியே பதினொரு பாகை என்று ஃபோன் காட்டியது, மேலே வெயில், கீழே கடுங்காற்று. மத்தியானம் இறால் குழம்பும் சோறும் சாப்பிட்டு முடித்ததும் சிறிதரன் வழக்கம்போலக் காரைப் பார்க்கப் போனார். சிவனேஸ்வரி பாத்திரம் கழுவத் தொடங்கியதும் அந்தச் சூடு கிளம்பிவிட்டது. கையைத் துடைக்காமலே பின்கதவைத் திறந்துகொண்டு வெளியே போனாள். அன்று கொடியில் உடுப்பு எதுவும் இல்லை. சும்மா நிற்க வெட்கமாக இருந்ததால், வீட்டின் பக்கவாட்டால் நடந்தாள்.

கராஜுக்குப் பின்னால், வெயில் படாத மூலையில், கவிழ்த்துவைத்த பெயின்ற் வாளியின் மேல் சிறிதரன் பெனியனோடு இருந்தார். சேர்ட்டைக் கழற்றி வேலியில் போட்டிருந்தார். கண்ணை மூடி, முகத்தைக் காற்றுக்குக் கொடுத்துக்கொண்டு, கோவில் பிரகாரத்தில் இருப்பவர்போல அவ்வளவு நிம்மதியாக இருந்தார்.

காலடிச் சத்தத்துக்குக் கண்ணைத் திறந்தவர், திடுக்கிட்டு எழும்பினார்.

"என்னப்பா, இந்தக் குளிருக்குள்ளை பெனியனோட?" என்றாள்.

"கார் பட்டரி..." என்று தொடங்கினார். கார் அங்கே இல்லை, முன்பக்கத்தில் தெருவோரமாக நின்றது. அவரும் அதை நினைத்தவர்போல நிறுத்திக்கொண்டார். பிறகு அவளைப் பார்த்தார். கையில்லாத சட்டை, நெற்றியெல்லாம் வேர்வை, சவர்க்கார நுரை சொட்டும் கைகள். "நீங்கள் ஏன் இப்பிடி வந்தனீங்கள்? சுவெற்றர் போடேல்லையோ? குளிர் பிடிக்கப்போகுது."

"எனக்குக் குளிரேல்லை. உள்ளுக்கு வேர்க்குது."

"வேர்க்குதோ?"

"ஓம். வந்த நாளிலையிருந்து வேர்க்குது."

சிறிதரன் திரும்பவும் வாளியில் இருந்துவிட்டார். "எனக்கும்தான்" என்றார்.

"அப்ப ஏன் இருபத்தைஞ்சிலை வைச்சிருக்கிறியள்?"

"உமக்குக் குளிருமெண்டுதான்." அவருக்குத் தெரியாமலே "நீங்கள்" போய் நெருக்கமான "உமக்கு" வந்துவிட்டது. "போன வருசம் யோகாவோட முதல் முதலா வந்த நேரம், ரெண்டு மணித்தியாலமும் கோட்டைக் கழட்டாமல் இருந்தனீர். நான் ரெண்டு தரம் வாங்கி மாட்டிவிடட்டோ எண்டு கேட்டனான். வேண்டாமெண்டிட்டீர். சரி, இந்த மனுசிக்குக் குளிர் ஒத்துக்கொள்ளாது எண்டு நினைச்சன்."

சிவனேஸ்வரிக்கு அந்த நாள் ஞாபகம் வந்தது. சொல்வதா விடுவதா என்று ஒரு கணம் யோசித்துவிட்டுச் சொன்னாள்.

"பிளேனாலை இறங்கேக்கை பிளவுஸ் கொழுக்கி ரெண்டு கழண்டு போச்சு. ஊசியும் இல்லை. கோட்டைக் கழட்டினால் மானம் போயிருக்கும்."

அவர் சிரித்தார். அவர் வாய்விட்டுச் சிரித்து அவள் கேட்டது அதுதான் முதல் தடவை. பெரிய சத்தமான சிரிப்பு. பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"நான் நினைச்சன், ஃபிரீசருக்குள்ளை வேலை செய்யிறவர், சூடு வேணுமாக்கும் எண்டு."

"இருபது வருசம் மைனஸ் இருபதுக்குள்ளை நிண்டு பழகினவனுக்கு வீட்டிலை என்ன குளிர். தனிய இருக்கேக்கை நான் ஹீற்றரே போடுறேல்லை."

அங்கேயே, அந்த மூலையில் நின்றுகொண்டு, தன் உடம்பில் கிளம்பும் சூட்டைப் பற்றியும் அவள் சொன்னாள். மகளிடம்கூட முழுதாகச் சொல்லாத விஷயம். டொக்டர் சொன்னது, இரவில் தலையணையைத் திருப்பித் திருப்பிப் போடுவது, சிலவேளை காரணமில்லாமல் அழுகை வருவது எல்லாம். அவர் வேலியிலிருந்து சேர்ட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். கடைசியில், "இதைச் சொல்லாமல் இவ்வளவு நாளும் கொடிக்கம்பியோட நிண்டனீரோ" என்றார்.

"நீங்கள் மட்டும் என்னவாம்."

இருவரும் உள்ளே போய்ப் பெட்டிக்கு முன்னால் நின்றார்கள். சிறிதரன் அமத்தி அமத்திப் பதினெட்டுக்குக் கொண்டுவந்தார். அன்று பின்னேரம் வீடு சொர்க்கமாக இருந்தது.

மறுநாள் விடிய ஆறு மணிக்குச் சிவனேஸ்வரி எழும்பியபோது புல்லெல்லாம் வெள்ளையாகப் பனி பூத்திருந்தது. குசினி ஓடு காலைச் சுரீரென்று கடித்தது. உடம்பின் சூடு எந்நேரமும் கைகொடுப்பதில்லையே. முன்பென்றால் வாயை மூடிக்கொண்டு இரண்டு சோடி காலுறை போட்டிருப்பாள். இப்போது, "எனக்குக் குளிருது. இருபது வேணும்" என்று நேரே சொன்னாள்.

"இருபதோ? எனக்குத் தலையிடிக்கும்."

"விடியப்புறம் மட்டும்."

"பத்தொன்பது."

"இருபது. எட்டு மணிக்குப் பிறகு நீங்கள் விரும்பினதை வையுங்கோ."

அவர் முணுமுணுத்துக்கொண்டே பெட்டியின் கையேட்டைத் தேடி எடுத்துவந்து, மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நேரத்துக்கு நேரம் தானாக மாறும்படி வைப்பது எப்படி என்று படிக்கத் தொடங்கினார். விடிய இருபது, பகலில் பதினெட்டு, பின்னேரம் பத்தொன்பது, படுக்கையறைப் பக்கம் அடைப்பு. இந்த நாலையும் பதிய ஒரு மணித்தியாலம் எடுத்தது. இரண்டு தரம் எல்லாம் அழிந்துபோனது. அவள் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு எண்களை வாசித்துக் கொடுத்தாள்.

அதோடு எல்லாம் தீர்ந்துவிடவில்லை. அவளுக்குச் சூடு கிளம்பும் நாட்களில் பின்னேரத்துப் பத்தொன்பது பதினாறாகும். மழை நாட்களில் அவர் பார்க்காத நேரம் இருபத்தொன்றாகும். "ஆர் கூட்டினது?" என்று அவர் ஹோலிலிருந்து கேட்பார். "நான்தான், என்ன இப்ப?" என்று அவள் குசினியிலிருந்து சொல்வாள்.

ஓகஸ்ட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை லக்சிகா ஃபோன் எடுத்தபோது இந்தப் பேச்சுத்தான் நடந்துகொண்டிருந்தது. அவள் சற்றுநேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அம்மா, ஆர் யூ கைஸ் ஃபைற்றிங்?" என்றாள், கொஞ்சம் பயத்தோடு.

"ஓம் பிள்ளை" என்றாள் சிவனேஸ்வரி. "ஒவ்வொரு நாளும்தான். நீ சொல்லு, வெள்ளிக்கிழமை அந்தப் புது வேலை இன்ரவியூ எப்பிடிப் போனது?"

ஃபோனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, புட்டுக்கு மாவைக் குழைக்கத் தொடங்கினாள்.