ஊர் சுற்றிப் பார்க்க வந்தவர்

சுற்றுலா விசாவிலேயே பதினோரு வருடம் வெளிநாட்டில் இருந்த பல்செட்காரருக்கு அந்தப் பதினோரு வருடத்தில் ஒரு நாள்கூட வயது ஏறவில்லை. விசா அறுபது நாளுக்குத்தான். ஐம்பத்தொன்பதாவது நாள் காலையில் அவர் பஸ் ஏறி எல்லைப் பாலத்துக்குப் போவார், பாலத்தை நடந்து கடந்து சொந்த நாட்டு மண்ணில் நின்று ஒரு டீ குடிப்பார், வந்த வழியே திரும்பி இன்னும் அறுபது நாளுக்கு முத்திரை வாங்கிக்கொள்வார். முத்திரை விழுந்த அந்த நிமிடமே அவர் உடம்பு முதல்முதலாக அந்தப் பாலத்தைக் கடந்த நாளுக்குத் திரும்பிவிடும். இரண்டு மாதம் வளர்ந்த முடி உள்ளே இழுத்துக்கொள்ளும். உட்கார்ந்தே வேலை பார்த்துப் போட்ட தொப்பை வடியும். வீட்டிலிருந்து கிளம்பிய அன்று சவரம் செய்யும்போது முகவாயில் ஆழமாக வெட்டிக்கொண்டிருந்தார். மனைவி பிளாஸ்திரி ஒட்டி அனுப்பினாள். பாஸ்போர்ட் படத்துக்கும் முகத்துக்கும் வித்தியாசம் தெரியக் கூடாதே என்று பாலத்தில் அதைப் பிய்த்துப் போட்டார். ஆகவே ஒவ்வொரு முத்திரைக்கும் அந்த இடத்தில் ஒரு சொட்டு ரத்தம் துளிர்க்கும். கூண்டுக்குள் இருந்த குடியேற்ற அதிகாரி பழக்கமாகிப்போய் பாஸ்போர்ட்டோடு ஒரு துண்டுக் காகிதத்தையும் நீட்டுவார்.

இது அவர் ஒருவருக்கு மட்டும் நேர்ந்ததல்ல. அதே பஸ்ஸில் வரும் அழகு நிலையப் பெண் ஒருத்தி கடைவாய்ப் பல் சொத்தையோடு முதல் தடவை பாலம் கடந்தவள். ஒவ்வொரு முறை பிடுங்கியும் அடுத்த முத்திரைக்கு அந்தப் பல் வலியோடு முளைத்து நின்றது. ஒன்பது தடவை பிடுங்கியபின் அங்கேயே ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டு முறையான காகிதம் வாங்கினாள். அதன்பிறகு அந்த இடம் ஓட்டையாகவே நின்றது, அவளும் நிம்மதியாக இருந்தாள்.

பல்செட்காரர் போனது இரண்டே மாத வேலைக்கு. ஒரு பல் மருத்துவரிடம் செட் கட்டுகிறவர் படுத்த படுக்கையாகிவிட்டார், அவர் எழுந்து வரும்வரை பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று தகவல் வந்தது. படுத்தவர் எழவே இல்லை. மருத்துவமனையின் பின்னறையில், சன்னல் இல்லாத இடத்தில், அவர் அச்சில் பிளாஸ்டர் ஊற்றினார், மெழுகில் பல் அடுக்கினார், வெந்நீரில் வேகவைத்து எடுத்த செட்டைச் சின்ன கிரைண்டரில் தேய்த்துப் பளபளப்பாக்கினார். கை சுத்தமான கை. அவர் கட்டிய பல்லை மாட்டிக்கொண்டு கிழவர்கள் முன்னறையில் சிரிப்பது சுவருக்கு இந்தப் பக்கம் கேட்கும். ஆனால் கையில் சான்றிதழ் எதுவும் இல்லாததால் வேலை விசா கிடைக்க வழியில்லை. சோதனைக்கு ஆள் வந்தால் அவர் சட்டென்று மேலங்கியைக் கழற்றிவிட்டு முன்னறை நாற்காலியில் நோயாளியாக உட்கார்ந்து வாயைத் திறந்துகொள்ள வேண்டும். அப்படி ஏழெட்டு முறை திறந்திருக்கிறார்.

வீட்டில் அவர் சொன்னது வேறு. பெரிய மருத்துவமனையில் நிரந்தர வேலை என்றும், தங்க அறை கொடுத்திருக்கிறார்கள் என்றும், பாஸ்போர்ட்டை நிர்வாகம் வாங்கி வைத்திருப்பதால் லீவு மட்டும் கிடைப்பதில்லை என்றும் சொன்னார். கிளம்பும்போது மச்சான் நாலு பேர் முன்னால், பதினைந்தே நாளில் பெட்டியோடு திரும்பி வருவார் பாருங்கள் என்று சிரித்திருந்தார். அந்தச் சிரிப்புக்குத்தான் முதல் பொய். மற்ற பொய்கள் அந்த முதல் பொய்யைக் காப்பாற்ற வந்தவை. பாலத்தின் சொந்த நாட்டுப் பக்கமிருந்து வீட்டுக்கு ரயிலில் பதினெட்டு மணி நேரம். அவர் டீ குடிக்கும் கடையிலிருந்து பார்த்தாலே ஸ்டேஷன் தெரியும். முதல் வருடம் டீ குடிக்கும்போதெல்லாம் அடுத்த தடவை போய்விட வேண்டும் என்று நினைத்தார். மூன்றாம் வருடம் ஸ்டேஷனுக்கு முதுகு காட்டி உட்காரப் பழகினார். உள்ளூர் டவர் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடுமோ என்று பாலம் தாண்டும் முன்பே போனை அணைத்துவிடுவார்.

நாலாம் வருடத்தில் வேறொரு தொல்லை வந்தது. வீடியோவில் பேசும்போது மனைவியின் முகத்தில் வருடங்கள் ஏறுவது தெரிந்தது. மருந்துக்கடையில் நாள் முழுக்க நின்று கால் நரம்பு புடைத்துவிட்டதாகச் சொன்னாள். இவர் முகமோ கிளம்பிய அன்று இருந்தபடியே, முப்பத்தாறு வயதில், சோப்பு போட்டுக் கழுவிய மாதிரி இருந்தது. அதனால் ஞாயிற்றுக்கிழமை போன் பேசுவதற்கு முன் பிளாஸ்டர் மாவைத் தொட்டுக் காதோரம் தடவிக்கொள்ள ஆரம்பித்தார். ஒரு ஞாயிறு மகள், போன வாரம் நரை இடது பக்கம்தானே இருந்தது என்று கேட்டாள். லைன் சரியில்லை என்று போனை வைத்துவிட்டு, குழாயடியில் நின்று தலையைக் கழுவினார். வெள்ளை நீர் ஓடி முடிக்க வெகுநேரமானது. ஏழாம் வருடம் மனைவியே கேமரா கெட்டுப்போச்சு, இனிமேல் குரல் மட்டும் போதும் என்றாள். அவருக்குப் பெரிய பாரம் இறங்கியது. அப்படி இறங்கியதை நினைத்துக் கூசவும் செய்தது.

அறுபத்தாறாவது முத்திரையின்போது அதிகாரி வழக்கமான கேள்வியைக் கேட்டார், இவர் வழக்கமான பதிலைச் சொன்னார்: சும்மா, ஊர் சுற்றிப் பார்க்க. பெரிய ஏரியைப் பார்த்தீர்களா என்று அதிகாரி விசாரித்தார். பதினோரு வருடத்தில் அந்த ஏரி எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட இவருக்குத் தெரியாது. அதிகாரி முத்திரையைக் குத்தினார், ரத்தம் துளிர்த்தது, காகிதத்தை நீட்டினார். ஆனால் பாஸ்போர்ட்டை விடவில்லை.

"நான் இந்த வேலைக்கு வந்தப்போ எனக்கு இருபத்தாறு. அப்ப நீங்க எனக்கு அண்ணன் மாதிரி. இப்ப எனக்கு முப்பத்தேழு," என்றார் மெதுவாக. "இனிமே உங்களை நான் தம்பின்னுதான் கூப்பிடணும். வீட்டுக்குப் போங்க தம்பி."

பின்னால் வரிசை நின்றது. திட்டியிருந்தால், பிடித்து உள்ளே போட்டிருந்தால்கூட அவர் தாங்கியிருப்பார். அந்தத் தம்பியைத்தான் தாங்க முடியவில்லை. பாக்கி இருந்த மூன்று செட்டையும் முடித்துக் கொடுத்தார், நான்காம் நாள் பாலத்தைத் தாண்டினார், டீ குடிக்காமல் ஸ்டேஷனுக்குள் போனார்.

கதவைத் திறந்தது மகள். எட்டு வயதில் விட்டுப்போனவள் பத்தொன்பது வயதில் நிலைப்படி உயரத்துக்கு நின்றாள். அப்பாவைப் பார்த்தாள், அவர் தலையைப் பார்த்தாள்.

"டை அடிச்சிருக்கீங்களாப்பா?" என்றாள்.

ஆமாம் என்றார். வாசலிலேயே இன்னொரு பொய்.

மனைவி சமையலறையிலிருந்து வந்தாள். வாயை உள்ளங்கையால் மூடியிருந்தாள். அழுகையை அடக்குகிறாள் என்று மகள் நினைத்திருக்கலாம். அவருக்குத் தொழில் கண். அவள் "வாங்க" என்றபோதே காற்று எங்கே கசிகிறது என்று தெரிந்துவிட்டது. மேல் வரிசையில் முன்பல் நாலும் இல்லை. அவள் கிட்டே வந்து அவர் முகவாயைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தாள். ஐந்து நாள் காய்ந்த பொருக்கு இருந்தது.

"இது நான் பிளாஸ்திரி போட்ட காயம்," என்றாள்.

அதற்குமேல் மறைக்க அவரிடம் ஒன்றும் இல்லை. பெட்டியைக்கூடத் திறக்காமல், தரையைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னார்: சான்றிதழ் இல்லாததை, சுற்றுலா விசாவை, பாலத்தை, டீக்கடையை, காதோரம் தடவிய மாவை. உடம்பு திரும்பிப்போகும் விஷயத்தை அவள் சாதாரணமாகத்தான் கேட்டுக்கொண்டாள். ஒரு மாத்திரையின் பக்கவிளைவைக் கேட்பது போலத் தலையாட்டினாள். அவள் நிறுத்திக் கேட்டது ஒன்றே ஒன்று.

"எத்தனை தடவை பாலத்தைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தீங்க?"

கடைசியாக வீட்டுக்கு வந்ததைச் சேர்க்காமல் அறுபத்தைந்து என்றார்.

"அறுபத்தஞ்சு தடவை ஸ்டேஷன் வரைக்கும் வந்திருக்கீங்க," என்றாள். அவ்வளவுதான். எழுந்து போய் அடுப்பில் இருந்ததை இறக்கினாள்.

ஒரு வாரம் கூடத்தில் பாய் போட்டுப் படுத்தார். சாப்பாடு நேரத்துக்கு வந்தது. விருந்தாளிக்கு எடுக்கும் தட்டில் வந்தது. தெருவில் போனால் அவரைத் தெரிந்தவர்கள் தோளில் தட்டி, வெளிநாட்டுச் சாப்பாடு ஒத்துப்போச்சு போல என்றார்கள். ஒவ்வொரு தட்டுக்கும் அவர் ஒரு அங்குலம் குனிந்தார். மச்சான் வந்தார், அவருக்கு முடியெல்லாம் வெள்ளை. இவரைப் பார்த்துச் சிரிக்க வாயெடுத்து, சிரிக்காமல் திரும்பிப் போனார். மருந்துக்கடை முதலாளியம்மா அவரைக் கடை வாசலில் பார்த்துவிட்டு, உன் தம்பி ஊரிலிருந்து வந்திருக்கிறாரா என்று மனைவியிடம் விசாரித்தாராம். மறுநாள் காலை அவர் பெட்டியில் கொண்டுவந்த பிளாஸ்டர் மாவு டப்பாவைத் திறந்து காதோரம் தடவிக்கொண்டு நின்றார். மனைவி பார்த்தாள்.

"கழுவுங்க," என்றாள். "எனக்கு வந்த நரை சும்மா வரலை. பூசிக்கிட்டு வராதீங்க."

கழுவினார். பிறகு துணிந்து, அந்தப் பல் எப்போது போனது என்று கேட்டார். நாலு வருடம் முன்பு, மேல் அலமாரியில் மருந்து எடுக்க ஏறி ஸ்டூல் சரிந்ததாம். கேமரா கெட்டது அதற்கு மறுநாள். ஏன் கட்டிக்கொள்ளவில்லை என்று கேட்க வந்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். அவளே சொன்னாள்.

"புருஷன் பல்செட் கட்டுறவர். நான் இன்னொருத்தர் முன்னாடி போய் வாயைத் திறந்தா நல்லாவா இருக்கும்? வருவீங்கன்னு இருந்தேன்."

அந்த நாலு வருடத்தில் அவர் எத்தனையோ வாய்க்குப் பல் கட்டியிருந்தார். முகம் தெரியாத வாய்கள், அச்சு மட்டும் தெரிந்த வாய்கள். அன்றே அச்சு மாவைக் குழைத்தார். சன்னல் பக்கம் நாற்காலியைப் போட்டு அவளை உட்காரவைத்து, மூக்கால் மூச்சு விடு என்று ஆயிரம் பேரிடம் சொன்னதையே அவளிடமும் சொன்னார். மாவு அப்பிய அச்சுத் தட்டை அவள் வாய்க்குள் வைத்து இரண்டு விரலால் அழுத்திப் பிடித்தார். பதினோரு வருடத்தில் அவர் அவளைத் தொட்டது அப்போதுதான். மாவு இறுக இரண்டு நிமிடம் ஆகும். அதுவரை யாருக்கும் கண்ணில் தண்ணீர் வரும், அது எல்லோருக்கும் உள்ளதுதான். தட்டைப் பிடித்திருந்தவருக்கும் வந்தது. அவள் வாய் நிறைய மாவோடு அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள், துடைத்துவிடவில்லை.

பல் பொருந்தியது. அவர் இன்னொருவரின் பல்செட் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தார், முன்பக்கம் சன்னல் இருந்தது. மகள் வேலைக்குப் போனாள், பிறகு கல்யாணமாகிப் போனாள். கல்யாணத்தில் படம் எடுத்தவர் அவரை மாப்பிள்ளையின் அண்ணன்மார் வரிசையில் நிறுத்தினார். மனைவி போய்க் கையைப் பிடித்துக் கூட்டிவந்து பக்கத்தில் நிறுத்திக்கொண்டாள். ஊருக்கும் அது பழகிவிட்டது. அவருக்கு இப்போது மற்றவர்களைப் போல ஒரு நாளுக்கு ஒரு நாள்தான் வயது ஏறுகிறது. உடம்புக் கணக்கில் நாற்பத்து மூன்றில் முதல் நரை வந்தபோது அவர் அதைக் கொண்டுபோய் மனைவியிடம் காட்டினார். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பார்த்து, நிஜம்தான் என்றாள்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, கால் நரம்புக்கு அவர் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தபோது அவள் கணக்குப் போட்ட குரலில் சொன்னாள்.

"நாம ரெண்டு பேரும் ஒரே வயசு. எல்லாருக்கும் ஆயுசு ஒரே அளவுன்னு வச்சாலும், நான் போனப்புறம் உங்களுக்குப் பதினோரு வருஷம் மிச்சம் இருக்கும். இந்த வீட்டுல தனியா இருந்து பாருங்க."

கோபமாகச் சொல்லவில்லை. சரி என்றார் அவர். மற்றக் காலுக்கும் தேய்த்து முடித்தார். குழாயில் தண்ணீர் வரும் சத்தம் கேட்டது; கையைத் துடைத்துக்கொண்டு வாளிகளை எடுத்துப் போனார்.