நெஞ்சுக்குள் ஏறிய குடல்

சரக்குக் கிடங்கில் அவனுக்குப் பெயர் அரைமூச்சு. சின்ன வயதிலிருந்தே நாலு எட்டு வைத்தால் இளைக்கும். அப்பா சாகும்வரை வேலைக்கள்ளன் என்றே திட்டினார். அவனும் அதை நம்பிக்கொண்டுதான் மூட்டை சுமந்தான்.

அன்று சாப்பிட்டுவிட்டு முதல் மூட்டையைத் தோளில் ஏற்றியதும் வயிறு முறுக்கியது. வாந்தியெடுத்துச் சுருண்டவனை, கூடவே சுமக்கும் மச்சினன் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனான்.

டாக்டரம்மா இடது நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். மூச்சுச் சத்தம் வரவேண்டிய இடத்தில் வயிறு கடமுடா என்றது. ஸ்கேன் எடுத்தார்கள்.

"நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவுல ஒரு தடுப்பு இருக்கு. உங்களுக்கு அதுல பொறக்கும்போதே ஓட்டை. குடல் மேல ஏறி நுரையீரலை நசுக்குது. உடனே ஆபரேஷன் பண்ணணும்."

"பாத்தியாக்கா," என்றான் மச்சினன், சேதி கேட்டு ஓடிவந்திருந்த தன் அக்காவிடம். "மாமா குடலுக்குக் கீழ்வீடு பத்தாம மாடியிலயும் குடிவெச்சிருக்காரு."

"வாய மூடுடா," என்று சிரித்த அரைமூச்சின் மனைவி, அப்புறம் அழுதாள்.

அரைமூச்சு கேட்டது ஒன்றுதான். "தைச்சா திரும்ப மூட்டை தூக்கலாமா?"

"மொதல்ல பொழைங்க. ஆறினதும் பாத்துச் சொல்றேன்."

தையல் வலி தணிந்த ஒரு காலையில் நெஞ்சு நிறைய மூச்சு இழுத்தான். மனைவியைப் பார்த்தான்.

"இவ்ளோ காத்தையா எல்லாரும் தெனமும் இழுக்குறீங்க? சொல்லவே இல்லையே!"

பல மாதம் வீட்டில் துடைப்பத்துக்குமேல் எதையும் தூக்க மனைவி விடவில்லை. பிறகு சின்னச் சுமை. கடைசியில் டாக்டரம்மா தலையாட்டினார்.

கிடங்கில் இளைப்பவன்தான் வரிசைக்கு முன்னால் நடப்பான், இல்லாவிட்டால் பின்தங்கிவிடுவான். மேஸ்திரி பழையபடி அவனை முன்னால் விட்டார். லாரிக்குப் போகும் சரிவுப்பலகையில் எப்போதும் பாதியில் நின்று மூச்சு வாங்குகிறவன், அன்று நிற்காமல் ஏறினான். மூட்டையைப் போட்டுவிட்டுத் திரும்பினால் வரிசை பாதியில் அறுந்து கிடந்தது.

"மாமா, என்ன ஓட்டப்பந்தயமா?" மச்சினனுக்கு நாக்குத் தள்ளியது.

"நடுப்பலகையில நில்லுடா பாவி!" என்று கத்தினான் பின்னால் வந்த தொந்திக்காரன் ஒருவன். "இத்தன வருஷமா உன் சாக்குலதான் நாங்க எளைப்பாறினோம்!"

மேஸ்திரிகூடச் சிரித்துவிட்டார்.

அடுத்த நடையில் அரைமூச்சு நடுப்பலகையில் நின்றான். அவனுக்கு இளைக்கவில்லை. முதுகுக்குப் பின்னால் ஐந்தாறு பேர் புஸ்புஸ்ஸென்று மூச்சு வாங்குவதைக் கேட்டுக்கொண்டு, அவர்கள் அடங்கும்வரை சௌகரியமாக நின்றான்.