சட்டையில் மட்டும் வந்த வாசனை

அடையாறில், பாலத்துக்குக் கொஞ்சம் தள்ளி, மாடியில் இருக்கும் அந்தப் பெண்கள் மசாஜ் சென்டரில் கயலுக்கு நல்ல பேர். கழுத்துப் பிடிப்பு, தோள் இறுக்கம் என்று வருகிறவர்களெல்லாம் "கயல் இருக்காங்களா?" என்றுதான் கேட்பார்கள். நல்லெண்ணெயை வெதுவெதுப்பாக்கி, நீலகிரித் தைலமும் லேவண்டரும் சொட்டுச் சொட்டாக விட்டு அவள் தேய்க்க ஆரம்பித்தால், வாய் ஓயாதவர்கள்கூடப் பாதிப் பேச்சில் குறட்டை விட்டுவிடுவார்கள். ஊரார் தோளையெல்லாம் இப்படி இளக்குகிறவளுக்குக் கட்டின புருஷன் தோளைத் தொட நேரமில்லை. இதை எங்கே போய்ச் சொல்ல!

ஆற்றோரம் வீடு இருந்தவரை இந்தத் தொல்லை கிடையாது. மத்தியானம் செம்பியன் டாக்ஸியை ஓரங்கட்டிவிட்டுச் சாப்பிட வருவான். அவளும் ஓடி வந்து சோறு போட்டுவிட்டு ஓடுவாள். சர்க்காரில் வீட்டை இடித்து, ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்தில் எட்டாவது மாடியில் கொண்டுபோய் வைத்தார்கள், எல்லாம் போச்சு. அவன் நைட் டூட்டிக்கு மாறினான். அவன் வண்டியை நிறுத்தும் நேரம் அவள் பஸ் ஏறும் நேரம். ஸ்டாப்பிலேயே வீட்டுச் சாவி கை மாறும். "சாப்ட்டியா?" "சாப்ட்டேன், நீ?" அதற்குள் பஸ் வந்துவிடும். அவ்வளவுதான் குடித்தனம்.

ஒரு நாள் கழுத்தைத் திருப்ப முடியாமல் அவன் உடம்பையே திருப்பிப் பார்த்தான். கயல் அன்றைக்கே ஒரு சின்ன பாட்டிலில் எண்ணெய் கலந்தாள். பகலில் தூங்குகிறவன், நல்லாத் தூங்கட்டுமே என்று லேவண்டரைத் தாராளமாகவே விட்டாள். மறுநாள் சாவியோடு சேர்த்துக் கொடுத்தாள்.

அதற்கப்புறம் தினமும் ஒரு கேள்வி கூடிற்று. "தேச்சியா?"

"தேச்சேன், தேச்சேன்."

ஆனால் அவன் பகலில் படுத்த தலையணையில் அந்த வாசனை வரவில்லை. புரட்டிப் போட்டு முகர்ந்தாள். வெறும் வியர்வை வாசம். அவிழ்த்துப் போட்ட சட்டையை எடுத்து முகர்ந்தால், அதில் லேசாக லேவண்டர்! அதெப்படி? வீட்டில் தேய்த்துக்கொண்டு படுத்திருந்தால் தலையணையில்தானே முதலில் ஒட்டும்? வெளியில் எங்கேயோ தேய்த்துவிடுகிறார்கள், தேய்த்துத் துடைத்தும் விடுகிறார்கள். யார் கை அது? சொல்லுங்கள், எந்தப் பொம்பளைக்கு மனசு ஆறும்?

கூட வேலை பார்க்கும் ரூபீனாதான் சொன்னாள்: "அவரையே கூப்ட்டுக் கேளுடீ. உள்ளுக்குள்ளயே வெச்சுக்கினு ஏன் வேகுற?"

கயல் போன் போட்டாள். "சென்டராண்ட வா. நேர்ல பேசணும்."

"இப்பதான்மே படுத்தேன்."

"வான்னா வா."

கண் சிவக்க வந்து, சென்டருக்குக் கீழே மர நிழலில் வண்டியை நிறுத்தினான். கயல் கதவைத் திறந்தாள். குப்பென்று அந்த வாசனை முகத்தில் அடித்தது. டேஷ்போர்டில், வடபழனி முருகன் படத்துக்குப் பக்கத்தில் அவள் கொடுத்த பாட்டில், மூடி கழன்று நின்றது. எண்ணெய் கழுத்து வரைக்கும் அப்படியே இருந்தது.

"தேச்சேன்னு சொன்னியே. அத்தனையும் பொய்யா?"

"தேச்சா தீந்துடும்மே."

"தீந்தா வேற கலந்து தர மாட்டனா? எண்ணெய்க்கா பஞ்சம்?"

"அதில்ல." செம்பியன் ஸ்டியரிங்கைத் தடவிக்கொண்டிருந்தான். "ஆத்தோரம் இருந்தப்போ நீ உள்ள வர்றதுக்கு முன்னாடி இந்த வாசனை வரும். இப்போ நீ வர்றப்போ நான் இருக்கறதில்ல. சிக்னல்ல மூடியத் தொறந்து வெச்சா, பக்கத்து சீட்ல நீ குந்திக்கினு வர்ற மாதிரி கீது. கஸ்டமருங்கோகூட இன்னா சென்ட்டுன்னு கேக்கறாங்கோ."

"இன்னா சொன்ன?"

"வூட்டுக்காரின்னேன்."

"போயா லூசு," என்றாள். கண்ணில் தண்ணி முட்டிக்கொண்டு வந்தது. இந்த மனுஷனையா சந்தேகப்பட்டோம் என்று தன்னையே அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. "அதுக்காவ கழுத்து வலியோட சுத்துவியா? பின்னாடி வந்து ஒக்காரு. சட்டையக் கழட்டு."

பின் சீட்டில் அவன் முதுகைக் காட்டி உட்கார்ந்தான். தோள் கட்டையாக இறுகிக் கிடந்தது. எண்ணெயைக் கையில் விட்டு, கழுத்தடியிலிருந்து மெள்ள அழுத்தி இறக்கினாள். எத்தனை நாள் ஆசை! சேர்த்து வைத்திருந்த பேச்செல்லாம் ஒரே மூச்சில் வந்தது.

"யோவ், இந்தப் பக்கமே ஒரு ரூம் பாத்துக்கினு வந்துடலாமா? புறாக்கூண்டா இருந்தாலும் பரவால்ல. உன்கூட ஒரு வேளை ஒண்ணா ஒக்காந்து சாப்டணும்யா. இன்னா சொல்ற?"

எட்டிப் பார்த்தாள். ஜன்னல் கண்ணாடியில் தலையைச் சாய்த்து, வாயைத் திறந்து, குழந்தை கணக்காகத் தூங்கிக்கொண்டிருந்தான். அவளுக்குத் தன் கைமேலேயே கோபம் வந்தது. லேவண்டரை அப்படி ஊற்றச் சொன்னது யார்? எழுப்ப வாயெடுத்தாள், மனசு வரவில்லை.

மாடியிலிருந்து ரூபீனா கை காட்டினாள். மயிலாப்பூர் நீரஜா மேடம் வந்துவிட்டாராம். கயல் பாட்டிலை இறுக்கி மூடி முருகன் பக்கத்தில் வைத்தாள். முன் ஜன்னல்களை இறக்கிவிட்டுப் படியேறினாள்.

ஒருவருக்குத் தேய்த்த கையோடு அடுத்தவரைத் தொடக் கூடாது. சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் தொட வேண்டும், அது சென்டரில் சட்டம். கயல் குழாயைத் திறந்தாள். கையை நீட்டுமுன் ஒரு தடவை முகர்ந்தாள். எண்ணெயோடு செம்பியனின் வியர்வையும் சேர்ந்து வந்தது. குழாயை மூடினாள்.

"ரூபீனா, மேடத்த இன்னிக்கு நீ பாத்துக்கோயேன்."

"ஏன்டீ, நீ இன்னா பண்ற?"

"நான் இன்னும் கை கழுவல," என்றாள் கயல்.