பாறை, உள்ளே வரவும்

கண் ஆஸ்பத்திரியில் அவளுக்கு வேலை, பெயர் கூப்பிடுவது. காத்திருக்கும் கூடத்தின் கோடியில், டாக்டர் அறைக் கதவை ஒட்டி, ஒரு மேசை, ஒரு மைக், ஒரு சீட்டுக் கட்டு, அவள். அங்கே எல்லோரும் அவளை 'மைக்கு' என்றுதான் அழைப்பார்கள். சொந்தப் பெயர் ஒன்று இல்லாமலா இருக்கும்? இருக்கிறது. அதை அவள் யாரிடமும் சொல்வதில்லை, நாமும் சொல்ல வேண்டாம். அவள் அப்பா என்ன நினைத்து அப்படி ஒரு பெயரை வைத்தாரோ, பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவு எடுக்கிற ஆசிரியர் அந்தப் பெயர் வந்ததும் ஒரு மூச்சு நிறுத்துவார். அந்த ஒரு மூச்சுக்குள் வகுப்பே சிரிக்கத் தயாராகிவிடும். அது முடிந்து எத்தனையோ வருஷம் ஆகியும், இன்றைக்கும் யாராவது பெயர் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவாள்.

அதனாலேயே அவள் தன் வேலையில் கெட்டிக்காரி. எவ்வளவு விசித்திரமான பெயராக இருந்தாலும் அதற்கு முன்னால் நிறுத்த மாட்டாள். பெயரையும் 'உள்ளே வரவும்' என்பதையும் ஒரே மூச்சில் ஒட்டிச் சொல்லிவிடுவாள். சிரிக்க நினைத்தவன் வாயைத் திறப்பதற்குள் அந்த ஆள் கதவைத் தாண்டியிருப்பார். மூன்று முறை கூப்பிடுவாள். மூன்றாவது முறையும் வரவில்லையா, சீட்டை அடியில் செருகிவிட்டு அடுத்தவர். டாக்டரின் மாமனாரே ஆனாலும் நாலாவது முறை கிடையாது.

இன்றைக்குக் காலையிலிருந்தே அவளுக்குத் தொண்டை சரியில்லை. தொண்டை என்ன தொண்டை, மனசு சரியில்லை. நாளைக்கு அவள் புருஷன் மகளின் பெயரைப் பதிந்துவிட்டு வரப் போகிறான். அவன் லிஃப்ட் மெக்கானிக். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ரகம். பெண் குழந்தைக்கு அவன் வைக்கச் சொல்லும் பெயர், பாறை. ஆமாம், மலையில் கிடக்குமே, அதேதான்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தவர்களிடம் அவன் இதைச் சொன்னதும் ஆளாளுக்குப் பிடித்துக்கொண்டார்கள். "பொம்பளப் பிள்ளைக்கு வைக்கிற பேராடா இது? கட்டிக்கப் போறவன் முட்டிக்கிட்டு நிப்பான்" என்று அவனுடைய அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். மைக்குவின் தம்பி இருக்கிறானே, அவன் வாய் சும்மா இருக்குமா? "மாமா, பாப்பாவைத் தூக்கிக்கிட்டு மீன் கடைப் பக்கம் மட்டும் போயிடாதீங்க. பாறை கிலோ என்ன விலைன்னு கேட்டுடுவாங்க" என்றான். வீடே கொல்லென்று சிரித்தது. அவளுக்கும் அடக்க முடியாமல் சிரிப்பு வந்துவிட்டது. அத்தனை பேர் சிரித்தும் அவன் திரும்பிப் பார்த்தது அவளை மட்டும்தான். அதற்குப் பிறகு வீட்டில் பேச்சு 'பால் இருக்கா', 'சாவி எங்கே' என்ற அளவோடு நின்றுவிட்டது.

இன்று காலையில் அவள்தான் வாயைத் திறந்தாள். அவன் ஸ்பேனர் பையைக் கட்டிக்கொண்டிருந்தான். குழந்தை அவள் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது.

"பேரை வெச்சிட்டு நீங்க வேலைக்குப் போயிடுவீங்க. வகுப்புல எழுந்து நிக்கப் போறது அவ."

"சிரிச்சா சிரிக்கட்டும்."

"உங்களுக்கென்னங்க தெரியும்? உங்க பேரு தெருவுக்கு நாலு பேருக்கு இருக்கு. என்னை மாதிரி நின்னு பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

அவன் பையைக் கீழே வைத்தான். "இவ பொறந்த அன்னைக்கு நீ நினைவில்லாம கிடந்த. பொழைப்பியான்னே யாரும் சொல்லல. இவ அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள்ள என் உள்ளங்கை அளவுக்குக் கிடந்தா. பேசுங்க, அப்பா குரல் கேக்கட்டும்னு நர்ஸ் சொன்னாங்க. பேரே இல்லாத பிள்ளைய என்னன்னு கூப்பிடுவேன்? வாயில வந்தது அதுதான். பாறை, பாறை, பாறைன்னு அதையே சொல்லிக்கிட்டு நின்னேன். அவ மூச்சை விட்டுடக் கூடாதுன்னு."

அவளுக்கு இது தெரியாது. இத்தனை மாதத்தில் அவன் சொன்னதே இல்லை. தெரிந்த பிறகும் மனசு இறங்கி வர மறுத்தது. "அதான் பொழைச்சிட்டாளே. இனிமே எதுக்கு அது?"

அவன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசல் வரை போய் நின்றான். "ஊரே கருத்து சொல்லியாச்சு. நீ இன்னும் அந்தப் பேரை ஒரு தடவைகூட வாயால சொல்லல. ஊர்ல இருக்கிறவங்களை எல்லாம் கூப்பிடறியே, ஒரே ஒரு தடவை இவளைக் கூப்பிட்டுப் பாரு. அப்பவும் வேண்டாம்னா, நாளைக்கு நீ சொல்ற பேரையே குடுத்துட்டு வரேன்."

நண்பகல் நெருங்கும்போது கூடம் நிரம்பியிருந்தது. சொட்டு மருந்து போடுகிற அக்கா வரிசையாக ஊற்றிக்கொண்டே கடைசி பெஞ்சுக்குப் போயிருந்தாள். பெஞ்சு பெஞ்சாக எல்லோரும் கண்ணை மூடி, தலையைச் சுவரில் சாய்த்து உட்கார்ந்திருந்தார்கள். டாக்டர் உள்ளே டீ குடித்துக்கொண்டிருந்தார். சீட்டுக் கட்டு அவள் கையில் இருந்தது, மைக் வாய்க்கு நேரே இருந்தது. இவர்கள் யாருக்கும் அவளைத் தெரியாது, அவள் மகளைத் தெரியாது, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக்கூட முடியாது. பெயரை மட்டும்தான் கேட்பார்கள். இதைவிட நல்ல பரீட்சை எங்கே கிடைக்கும்? இவர்கள் சிரித்துவிட்டால் போதும், சாயங்காலம் அவன் முகத்தைப் பார்த்துத் தைரியமாகச் சொல்லிவிடலாம். செய்யக்கூடாத வேலைதான். வேலையே போனாலும் போகும். போகட்டும் என்று பொத்தானை அழுத்தினாள்.

வாயில் பெயர் வந்தது, வெளியே வரவில்லை. ஒரு மூச்சு நின்றது. வாழ்நாளில் எந்தப் பெயருக்கும் நிறுத்தாதவள், அந்த ஆசிரியரைப் போலவே நிறுத்தினாள்.

"பாறை. உள்ளே வரவும்."

நடு பெஞ்சிலிருந்து ஓர் ஆள் கண்ணைத் திறக்காமலே, "பாறையா? வழி விடுங்கப்பா, உருண்டு வரப் போவுது" என்றான். இந்தப் பக்கம் இரண்டு பெண்கள் குலுங்கினார்கள். சிரிப்பு பெஞ்சு தாண்டிப் பரவியது. அவள் கேட்டு வாங்கியது அப்படியே கையில் வந்து சேர்ந்துவிட்டது. நிம்மதியாக அல்லவா இருந்திருக்க வேண்டும்? உச்சந்தலை வரை அவளுக்குக் கொதித்தது.

"யாரது? என்ன சிரிப்பு?"

பொத்தானிலிருந்து விரலை எடுக்கவில்லை போலிருக்கிறது. குரல் நாலு ஸ்பீக்கரிலும் இடித்துக்கொண்டு கிளம்பியது. "பேரைத்தானே கூப்பிட்டேன்? சின்னப் பொண்ணு அவ. எப்படிப் பொழைச்சு வந்தான்னு தெரியுமா உங்களுக்கு? வந்துட்டாரு உருட்டறதுக்கு!"

கூடம் கப்சிப் என்று ஆனது. சொட்டு மருந்து அக்கா குப்பியைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டாள். நடு பெஞ்சு ஆள், "தப்பும்மா, தப்பு. தெரியாம சொல்லிட்டேன்" என்று எங்கோ பார்த்துக் கும்பிட்டான். அவள் மைக்கை நெருக்கமாக இழுத்து, இந்த முறை நிறுத்தாமல், தனக்குத் தெரிந்த மாதிரி சொன்னாள்.

"பாறை, உள்ளே வரவும்."

சொல்லி முடித்ததும் மார்பு கனத்து, ரவிக்கை நனைந்தது. வீட்டில் நாத்தனார் மடியில் குழந்தை விழித்துக்கொண்டிருக்க வேண்டும். முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள்.

"பாவம், குழந்தை, கூட்டத்துல காது கேட்டிருக்காது" என்றாள் முன் பெஞ்சில் ஓர் அம்மாள். "இன்னொரு தடவை கூப்பிடும்மா. மெதுவா வரட்டும்."

"ஆமா, கூப்பிடுங்க" என்றார் இன்னொருவர்.

உள்ளேயிருந்து டாக்டர் மணியை அடித்தார். கட்டின் மேலே இருந்த சீட்டில் வேறு யாருடைய பெயரோ இருந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை. மூன்றாவது முறைக்காக விரல் பொத்தான்மேல் காத்திருந்தது. கூடத்தில் அத்தனை பேரும் மருந்து கன்னத்தில் வழிய, மூடிய கண்களோடு, முகத்தை வாசல் பக்கம் திருப்பி வைத்திருந்தார்கள்.