தாமோதரன் வைத்த தண்ணீர்ப் பந்தல்

தாம்பரத்துக்குக் கிழக்கே இருந்த அந்த மார்க்கெட்டின் வாசலில், தொண்ணூற்றிரண்டாம் வருஷ அக்னி நட்சத்திரத்துக்குத் தாமோதரன் தண்ணீர்ப் பந்தல் வைத்தார். மார்க்கெட்டையே குத்தகைக்கு எடுத்திருந்தவர் அவர். மூன்று பெரிய பானைகள், உள்ளே வெட்டிவேர், மேலே அவர் கைகூப்பிச் சிரிக்கும் படம். போகிறவர் வருகிறவர் எல்லாம் குடித்துவிட்டு வாயார வாழ்த்தினார்கள். மீன் விற்கும் பெண்கள் ஒன்பது பேர் மட்டும் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

காரணம் இதுதான். கேளம்பாக்கம் தாண்டிய குப்பத்திலிருந்து முதல் பஸ்ஸில் கூடையோடு வருகிறவர்கள், திரும்புவது சாயங்காலம் ஐந்து மணிக்கு. தண்ணீர் குடித்தால் ஒதுங்க வேண்டும். எங்கே ஒதுங்குவது? ஆண்களுக்கு மதில் சுவர் இருக்கிறது. பெண்களுக்கென்று மார்க்கெட்டின் பின்னால் பஞ்சாயத்துச் செலவில் ஒரு கக்கூஸ் கட்டி, ரிப்பன் வெட்டி, போட்டோவும் பிடித்தாயிற்று. மறுவாரமே தாமோதரன் அதில் தன் வெங்காய மூட்டைகளை அடுக்கிப் பூட்டுப் போட்டுவிட்டார். கேட்பார் இல்லாவிட்டால் தம்பி சண்டப்பிரசண்டன்தானே!

ஆக, வியாபாரத்துக்கு வந்தால் வாயில் தண்ணீர் படக்கூடாது என்று அந்தப் பெண்கள் தங்களுக்குள்ளேயே ஒரு சட்டம் வைத்திருந்தார்கள். தனத்துக்கு அதில் பெருமை வேறு. பதினெட்டு வருஷமாக ஒரு நாள் கூட அவள் கடையை விட்டு எழுந்ததில்லை. அந்தக் கோடையில் தம்பி பொண்டாட்டி காந்தாவையும் தொழிலுக்குக் கூட்டி வந்து பக்கத்தில் உட்கார வைத்தாள்.

"யக்கா, நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கினு கீது. ஒரே ஒரு கிளாஸ் குடிச்சுக்கட்டா?" என்று முதல் நாளே கேட்டாள் காந்தா.

"குடிச்சுட்டு எங்க போயி குந்துவ? மானம் போயிடும். வெத்தலய வாயில அதக்கிக்க, தன்னால அடங்கும்."

சொல்லிக்கொண்டே தனம் மீன்மேல் தண்ணீர் தெளித்தாள். மீன் வாடக்கூடாது, பாருங்கள். பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் அதற்குத் தெளிப்பாள், கூடைக்கு அடியில் ஐஸ் போடுவாள். பக்கத்தில் ஒரு பெண்பிள்ளை வாடுவது மட்டும் அவள் கண்ணில் படவில்லை.

ஐந்தாம் நாள் உச்சிவெயிலில் காந்தாவின் நெற்றியில் ஒரு பொட்டு வியர்வை இல்லை. தனம் அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டாள். "பாத்தியா? ஒடம்பு வெயிலுக்குப் பழகிடுச்சு. வேர்க்கவே இல்ல!"

காந்தா அவளை வெறித்துப் பார்த்தாள். "பஸ்ஸு வந்துடுச்சுக்கா, ஏறு ஏறு" என்றாள். பட்டப்பகல் பன்னிரண்டு மணிக்கு எந்த பஸ்? தனம் வாய் திறப்பதற்குள் அவள் கூடைமேலேயே சரிந்து விழுந்தாள். தொட்டுப் பார்த்த தனத்துக்குக் கை சுட்டது. தோல் காய்ந்து, அடுப்பில் வைத்த தோசைக்கல் மாதிரி கொதித்தது.

நல்ல வேளை, அடுத்த தெருவிலேயே ஆஸ்பத்திரி. தெர்மாமீட்டரைப் பார்த்ததும் டாக்டரம்மாவின் முகம் மாறியது. "நூத்தியஞ்சு! உடனே குளிர வைக்கணும். ஐஸ் வேணும், எங்கேயாவது கிடைக்குமா?"

கிடைக்குமாவா! தனம் செருப்பில்லாத காலோடு தார் ரோட்டில் ஓடி, மீன் கூடையைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டு ஐஸை வாரிக்கொண்டு வந்தாள். நர்ஸ் மூக்கைப் பிடித்தாள். "நாத்தம் அப்புறம் போகும், முதல்ல கக்கத்துல வை" என்று அதட்டினார் டாக்டரம்மா. ஈரத்துணி போர்த்தி, ஃபேனைப் போட்டு, கையில் ஊசி குத்தி பாட்டில் ஏற்றினார்கள். ஒரு மணி நேரம் கழித்துக் காந்தா கண் திறந்து "அக்கா" என்றபோது தனம் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

"காலையில இருந்து எவ்வளவு தண்ணி குடிச்சா?"

"குடிக்கலம்மா. நாங்க யாருமே குடிக்க மாட்டோம்." தனம் விஷயத்தைச் சொன்னாள். "வேர்க்கலன்னதும் நல்லதுதான்னு நெனச்சேனே, பாவி!"

டாக்டரம்மாவுக்கு வந்ததே கோபம். "வேர்வைதாம்மா உடம்போட ஐஸ்! மண்பானைத் தண்ணி ஏன் சில்லுனு இருக்கு? வெளியில கசிஞ்சு காயறதாலதானே? உடம்பும் அப்படித்தான். தண்ணி குறைஞ்சா கிட்னி இருக்கறதை இறுக்கிப் பிடிச்சுக்கும். அதான் ஒண்ணுக்கு டீத்தண்ணி கலர்ல, கொஞ்சமாப் போகும். அது முதல் எச்சரிக்கை. அப்பவும் குடிக்கலைன்னா ஒரு கட்டத்துல வேர்வையும் நின்னுடும். உள்ள இருக்கற சூடு போறதுக்கு வழியில்லாம மூளைக்கு ஏறிடும். இன்னும் அரை மணி லேட்டாயிருந்தா இவ உனக்கு இல்லை."

சாயங்காலம் காந்தா ஒன்றுக்குப் போனாள் என்று நர்ஸ் வந்து சொன்னபோதுதான் டாக்டரம்மாவின் முகம் தெளிந்தது. "கிட்னி தப்பிச்சுது. ஆனா ஒண்ணு. இன்னொரு தடவை இப்படி ஒரு நாள் உட்கார்ந்தாள்னா, அதுக்கு நான் கியாரண்டி இல்லை."

மறுநாள் காலை தனம் மற்ற பெண்களைக் கூட்டி வைத்து எல்லாவற்றையும் சொன்னாள். மூத்தவள் அங்காளம்மா முகத்தைச் சுளித்தாள். "நாப்பது வருசமா குடிக்காமத்தான் யாவாரம் பண்ணிக்கினு கீறேன். எனுக்கு இன்னா ஆயிடுச்சு?"

"ரெண்டு தபா கல்லடைப்பு வந்து சுருண்டுக்கினு கெடந்தியே, அத்த மறந்துட்டியா? எய்ந்து வா!" என்றாள் தனம்.

காந்தா நீங்கலாக எட்டுப் பேரும் தண்ணீர்ப் பந்தலுக்குப் போனார்கள். ஆளுக்கு ஒரு சொம்பு, மூச்சு விடாமல் குடித்தார்கள். பார்த்த தாமோதரனுக்கு வாயெல்லாம் பல். "குடிங்கம்மா, நல்லா குடிங்க. உங்களுக்காகத்தானே வெச்சிருக்கேன்."

"குடிச்சாச்சுண்ணா" என்றாள் தனம். நேராகப் போய் அவருடைய வெங்காயக் கடை வாசற்படியில் உட்கார்ந்தாள். மற்ற ஏழு பேரும் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். "உள்ள போன தண்ணி வெளிய வந்தாவணும். எங்க போவட்டும், நீயே சொல்லு. கக்கூஸ் சாவிய குடு, இல்லாங்காட்டி நாங்க இங்கியே குந்திக்கினு கீறோம்."

"சீ, பொம்பளை பேசற பேச்சா இது? நாலு பேர் நடமாடற இடத்துல வெக்கமா இல்லை?"

"பொம்பள மூத்தரம் போறது வெக்கம், பொம்பள கக்கூஸ்ல வெங்காயத்த அடுக்கி வச்சுக்கினு கீறது வெக்கம் இல்லியா?"

கூட்டம் சேர்ந்துவிட்டது. காய்கறி வாங்க வந்த ஸ்கூல் டீச்சர் ஒருத்தி, "அந்தம்மா கேக்கறது நியாயம்தானே சார்?" என்றாள். தாமோதரன் பஞ்சாயத்தில் பர்மிஷன் வாங்க வேண்டும் என்றார், அடுத்த வாரம் பார்க்கலாம் என்றார், போலீஸைக் கூப்பிடுவேன் என்றும் சொல்லிப் பார்த்தார். ஒருத்தியும் அசையவில்லை. வெயில் ஏற ஏற எட்டுப் பேர் முகத்திலும் முத்து முத்தாக வியர்த்தது. அரை மணி கழித்து அங்காளம்மா முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"நைனா, எனுக்கு அவசரம். உன் படி நல்லா வழவழன்னு கீது. இங்கியே முடிச்சுக்கட்டா?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. தாமோதரன் முகம் சுண்டிப்போய், கல்லாப் பெட்டிக்குள் கையை விட்டுச் சாவியை எடுத்துப் போட்டார். பெண்களே மூட்டைகளை வெளியே இழுத்துப் போட்டார்கள். அங்காளம்மாதான் முதலில் உள்ளே போனாள்.

"சரி, ஆச்சு இல்லை? சாயங்காலம் சாவியை ஒழுங்கா கொண்டாந்து கொடுத்துடணும்" என்றார் தாமோதரன், போன மரியாதையில் கொஞ்சத்தையாவது காப்பாற்றிக்கொள்ள.

தனம் சாவியை முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகினாள்.

"எதுக்கு? மறுபடியும் பூட்டறதுக்கா? சாவி இனிமே எங்ககிட்டதான் இருக்கும். பானை வச்சு தண்ணி குடுக்கறது உன் தர்மம், வேணாங்கல. இந்தக் கதவு தொறக்கறது தர்மம் இல்ல, எங்க உரிம." பிறகு அவள் தன் கூட்டாளிகள் பக்கம் திரும்பினாள். "தப்பு என் மேலயும் கீது. அடக்கிக்கினு இருக்கறவதான் மானஸ்தின்னு சொல்லிச் சொல்லியே அந்தப் பொண்ண சாவடிக்கப் பாத்தேன். உசுரு போனப்பொறம் மானத்த வச்சுக்கினு இன்னா பண்றது? ஒடம்பு தண்ணி கேட்டா குடிக்கணும், வெளிய போவச் சொன்னா போவணும். அதுக்கு எவன் பூட்டு போட்டாலும், பூட்டத்தான் ஒடைக்கணும், தாகத்த அடக்கக் கூடாது!"