இரண்டாயிரம் பேருக்கு மேல்

மின்சார நிறுவனத்தின் மென்பொருள் பிரிவில் அவளைக் 'கூட்டக்காரி' என்றுதான் கூப்பிடுவார்கள். இல்லாத கூட்டத்தை உண்டாக்குவது அவள் வேலை. கரண்ட் போனால் ஜனங்கள் புகார் கொடுக்கிற இணையதளத்துக்கு, கணினியிலிருந்தே ஆயிரக்கணக்கான பொய் ஆட்களை ஒரே நேரத்தில் அனுப்பி, தளம் தாங்குகிறதா தள்ளாடுகிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். அந்தப் பொய் ஆட்களை உருவாக்கும் டூலை ஒரு வெளி கம்பெனியிடம் லைசென்ஸ் போட்டு வாங்கியிருந்தார்கள். விற்றவள் வேறு யாருமில்லை, அவளுடைய நாத்தனார்.

நாத்தனார் கல்லில் நார் உரிக்கிற ஆள். அவளுக்கும் அண்ணிக்கும் ஏழாம் பொருத்தமாகத்தான் இருக்கும் என்று உறவுக்காரர்கள் ஆசையோடு எதிர்பார்த்தார்கள். அது நடக்கவில்லை. வீட்டில் இருவரும் ஒட்டிக்கொண்டுதான் திரிவார்கள். ஆபீசில் மட்டும் ஒருத்தியை ஒருத்தி மேடம் என்பார்கள்.

போன மழைக்காலத்தில் ஒரு புயல் அடித்தது. மதியத்துக்குள் புகார் தளம் படுத்துவிட்டது. அறுந்த கம்பி தெருவில் கிடப்பதைச் சொல்லக்கூட வழியில்லாமல் ஜனங்கள் தவித்தார்கள். உயிர்ச்சேதம் இல்லாமல் போனது யார் செய்த புண்ணியமோ. மறுநாள் மீட்டிங்கில் மேலாளர் நேராகக் கூட்டக்காரியைப் பார்த்தார்.

"டெஸ்ட்ல பாஸ்னு சொன்னீங்களேம்மா."

"நான் அனுப்பினது ரெண்டாயிரம் பேர் சார். லைசென்ஸ் அவ்வளவுதான் விடும். அன்னைக்கு வந்தது ஊரே."

சொன்னது நியாயம்தான். ஆனால் சொன்ன பிறகும் அவளுக்கு நெஞ்சு ஆறவில்லை. அந்த இரண்டாயிரத்தை வைத்துக்கொண்டு வருஷக்கணக்காகப் பாஸ் பாஸ் என்று எழுதிக் கொடுத்தது அவள் கைதானே. அந்த வாரமே மேலாளரிடம் போய், ஓப்பன் சோர்ஸ் டூலுக்கு மாறிவிடலாம் என்றாள். அது யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், உள்ளே திறந்து பார்க்கலாம், மாற்றி எழுதலாம். ஆள் கணக்குக்குப் பூட்டு கிடையாது. மேலாளர் யோசித்துவிட்டு ஒரு நிபந்தனை போட்டார். பழைய லைசென்ஸ் முடிவதற்குள் இரண்டு டூலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஓட்டிக் காட்ட வேண்டும். விற்றவர்களும் வந்து பார்க்கட்டும்.

விஷயத்தை நாத்தனாரிடம் அவளே வீட்டில் வைத்துச் சொன்னாள். அடுத்தவர் வாய் வழியாகப் போனால் அது துரோகமாகிவிடும் என்று நினைத்தாள்.  வேலை வேறு உறவு வேறு, ஆனால் சும்மா விட்டுக்கொடுக்க மாட்டேன் என்றாள் நாத்தனார். நடுவில் உட்கார்ந்திருந்த புருஷன்காரர், மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பது இதுதான் போலிருக்கிறது என்று முணுமுணுத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

பொய் ஆட்கள் தளத்தில் என்னென்ன செய்ய வேண்டும் என்று எழுதிவைத்த பழைய ஸ்கிரிப்டுகளைப் புதிய டூலுக்கு அப்படியே தூக்கிக்கொண்டு போக முடியாது, ஒவ்வொன்றாகத் திரும்ப எழுத வேண்டும். பக்கத்து மேசைக்காரர் துணைக்கு வந்தார். ஓசியில் வருவது ஓட்டையாகத்தான் இருக்கும் என்று நாளுக்கு நாலு தடவை சொல்லுவார், ஆனால் வேலையில் கை ஓயமாட்டார். எழுத உட்கார்ந்த பிறகுதான் ஒரு கூத்து தெரிந்தது. பழைய ஸ்கிரிப்டுகளில் பாதி, தளத்திலிருந்து எப்போதோ எடுத்துவிட்ட பக்கங்களுக்கானவை. செத்துப்போன பக்கங்களை இத்தனை காலமாகச் சோதித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். அவள் அதையெல்லாம் கழித்துக்கட்டிவிட்டு, புயல் நாளில் ஒரு மனுஷன் உண்மையில் என்ன செய்வான் என்று யோசித்து எழுதினாள். உள்ளே போவான், தெருவைத் தேர்ந்தெடுப்பான், புகார் கொடுப்பான், பொறுமையில்லாமல் திரும்பத் திரும்ப அந்தப் பக்கத்தைத் திறந்து பார்ப்பான்.

ஒப்பிடுகிற நாளும் வந்தது. கண்ணாடி அறையில் பெரிய திரை, மேலாளர், தளத்தைப் பார்த்துக்கொள்கிற புரோகிராமர், பக்கத்து மேசைக்காரர், நாத்தனார். இரண்டு பக்கமும் இரண்டாயிரம் பேர். புதிய டூலில் எண்கள் அள்ளிக்கொண்டு வந்தன. பழையதில் ஒரு பக்கம் திறக்க ஆகிற நேரத்தில் இதில் பத்துப் பக்கம் திறந்தது. பக்கத்து மேசைக்காரருக்கு வாயெல்லாம் பல். மேலாளரும் தலையாட்ட ஆரம்பித்தார். நாத்தனார் மட்டும் எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய் நின்று, ஒரே ஒரு பதிலைத் திறந்து காட்டச் சொன்னாள்.

"அண்ணி, உங்க ஆளுங்க யாருமே உள்ள போகல. எல்லாரும் வாசல்லயே நின்னுட்டுத் திரும்புறாங்க."

மேடம் என்ற வார்த்தை அவளுக்கு மறந்துவிட்டிருந்தது. திரையில் புகார் பக்கம் இல்லை, லாகின் பக்கம்தான் இருந்தது.

உள்ளே போகும்போது சர்வர் ஒவ்வொருவருக்கும் ஒரு சாவி கொடுக்கும். அடுத்த பக்கத்தில் அதைத் திருப்பிக் காட்ட வேண்டும். பழைய டூல் அதைத் தானாகவே எடுத்து வைத்துக்கொள்ளும். புதியதில் நாம்தான் எழுத வேண்டும், அவள் எழுதாமல் விட்டிருந்தாள். சாவி இல்லாமல் வந்தவர்களைச் சர்வர் கோபிக்கவில்லை, மரியாதையாக லாகின் பக்கத்தையே திரும்பக் காட்டி, எல்லாம் நலம் என்று பதில் சொல்லியிருக்கிறது. கூட்டக்காரிக்குக் காது மடல் சுட்டது. இருந்தாலும் மழுப்பவில்லை. தப்பு டூலில் இல்லை, தன் கையில்தான், சரிசெய்ய அவகாசம் வேண்டும் என்று கேட்டாள். மேலாளர் அரை மனதோடு கொடுத்தார்.

அவள் எல்லா ஸ்கிரிப்டையும் முதலிலிருந்து பிரித்தாள். சாவியைச் சேர்த்தாள். அதோடு புதிதாக ஒரு சட்டமும் போட்டாள்: பக்கம் திறந்தால் மட்டும் போதாது, அதில் புகார் எண் கண்ணில் பட்டால்தான் பாஸ். பக்கத்து மேசைக்காரர் இப்போது ஓட்டையைப் பற்றிப் பேசவே இல்லை.

இரண்டாவது தடவை ஓட்டியபோது பக்கம் திறக்க ஆகிற நேரத்தைக் காட்டும் கோடுகள் இரண்டு டூலிலும் ஒன்றின் மேல் ஒன்று படிந்து போயின. நாத்தனார் வெகுநேரம் பார்த்தாள், ஆறேழு பதில்களைத் திறந்து பார்த்தாள். இதில் தான் சொல்ல ஒன்றுமில்லை, கணக்கு சரி என்று மேலாளரிடம் அவளே சொன்னாள். பிறகு பையை எடுத்துக்கொண்டு கிளம்பவில்லை, அங்கேயே உட்கார்ந்தாள். இரண்டாயிரத்துக்கு மேலே போனால் என்ன ஆகிறது என்று அவளுக்கும் பார்க்க வேண்டியிருந்தது.

கூட்டக்காரி எண்ணிக்கையை ஏற்றினாள். நாலாயிரம், ஆறாயிரம். தளம் மூச்சு வாங்கியது. எட்டாயிரத்தைத் தொட்டதும் கோடு செங்குத்தாக ஏறி, எல்லாம் சிவப்பாகி, தளம் அப்படியே விழுந்தது. அச்சு அசல் அந்தப் புயல் நாள் மாதிரியே.

கூட்டக்காரி கை தட்டினாள்.

"விழுந்ததுக்கு யாராவது கை தட்டுவாங்களாம்மா?" என்றார் மேலாளர்.

"எங்க விழுதுன்னு இன்னைக்குத்தான் சார் தெரியுது. இனிமே தூக்கி நிறுத்திடலாம்."

காரணம் அன்றைக்கே பிடிபட்டது. ஒருவர் பக்கத்தைத் திறக்கும் ஒவ்வொரு தடவையும், அந்தப் பகுதியில் நிலுவையில் இருக்கும் புகார்களைத் தளம் முதலிலிருந்து எண்ணிக்கொண்டிருந்தது. புயலில் புகார் குவியக் குவிய எண்ணுகிற நேரமும் கூடும், வரிசையும் நீளும், கடைசியில் மூச்சு முட்டிவிடும். நிமிஷத்துக்கு ஒரு தடவை எண்ணி வைத்து எல்லோருக்கும் அதையே காட்டும்படி புரோகிராமர் மாற்றினார். திரும்ப ஓட்டினார்கள். இன்னொரு இடம் இடித்தது, அதையும் சரிசெய்தார்கள். இப்படியே அடித்துத் திருத்தி, நாற்பதாயிரம் பேர் ஒரே நேரத்தில் நுழைந்தாலும் அசையாமல் நிற்கிற நிலைக்குத் தளத்தைக் கொண்டுவந்தார்கள். பழைய லைசென்ஸ் முடிந்தபோது யாரும் புதுப்பிக்கவில்லை.

அடுத்த மழைக்காலத்தில் புயல் சொல்லிவைத்தாற்போல வந்தது. காலையிலேயே ஜன்னல் கண்ணாடிகள் கடகடவென்று ஆடின. பத்து மணிவாக்கில் ஆபீசில் விளக்கு அணைந்து ஜெனரேட்டர் உறுமத் தொடங்கியது. எல்லோரும் திரைக்கு முன்னால் வந்து நின்றார்கள். கூட்டம் ஏறியது. இரண்டாயிரம் தாண்டியது, எட்டாயிரம் தாண்டியது. பக்கத்து மேசைக்காரர் அவளுடைய நாற்காலி முதுகை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தார். இருபத்தாறாயிரத்தில் கொஞ்ச நேரம் நின்றது. கோடு தரையோடு தரையாகப் படுத்தே கிடந்தது. இது பொய்க் கூட்டம் இல்லை, அத்தனையும் உயிருள்ள ஜனங்கள், ஒவ்வொருவர் கையிலும் ஒரு புகார் எண்.

மதியம் பழுதுபார்ப்புக் குழுவின் தலைவர் போனில் வந்தார். எந்தத் தெருவில் கம்பி அறுந்திருக்கிறது என்று இந்தத் தடவைதான் முதலிலேயே தெரிந்தது, ஆட்களை நேராக அங்கே அனுப்பினோம் என்று சொல்லிவிட்டு, மழையின் இரைச்சலில் ஏதோ நன்றி மாதிரி ஒன்றும் சொன்னார். மேலாளர் அதை ஸ்பீக்கரில் போட்டிருந்தார். அறை முழுக்கக் கைதட்டல். இந்தத் தடவை கூட்டக்காரி தட்டவில்லை. கோடு இன்னும் படுத்தே கிடக்கிறதா என்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வீட்டுக்கு வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே பேச்சு ஆரம்பித்துவிட்டது. தன் கம்பெனியில் சண்டை போட்டு, ஆள் கணக்குக்குப் போட்டிருந்த பூட்டை எடுக்க வைத்துவிட்டாளாம். இல்லையென்றால் ஒரு வாடிக்கையாளர்கூட மிஞ்ச மாட்டார் என்று முதலாளி முகத்துக்கு நேராகச் சொன்னாளாம்.

"இப்ப எத்தனை பேரை வேணா அனுப்பலாம் அண்ணி. திரும்ப வாங்கிக்கிறீங்களா?"

"மாட்டேன்."

"சரி, நாளைக்குக் கேக்கறேன்."

புருஷன்காரர் நியாயம் பேச வாயெடுத்தார். இரண்டு பேரும் ஒரே குரலில் அவரைப் பேசாமல் இருக்கச் சொல்லிவிட்டுச் சேர்ந்தே சமையலறைக்குப் போனார்கள்.