கங்காரு வேண்டாம்

கங்காரு வரையாதீர்கள் என்று நான் சொன்னது ஒருவர் காதிலும் ஏறவில்லை. ஆஸ்திரேலியப் பூர்வகுடிகளின் புள்ளி ஓவியத்தை மூன்றாம் வகுப்புக்குக் காட்டுவது என் யோசனை. அங்கே பாலைவன ஓவியர்கள் பலர் தங்கள் மண்ணை மேலிருந்து பார்ப்பதுபோல் புள்ளிகளால் தீட்டுவார்கள், அவர்கள் கதை அவர்களுடையது, நீங்கள் உங்கள் தெருவின் கதையை வையுங்கள் என்று தொண்டைத் தண்ணீர் வற்றச் சொன்னேன். காது குடையும் பட்ஸை வண்ணத்தில் தொட்டு அட்டையில் வைத்தால் போதும். பெற்றோர் கை வைக்கக்கூடாது என்று வாட்ஸப் குழுவிலும் போட்டேன்.

செவிடன் காதில் ஊதிய சங்குதான். மறுநாள் வந்தவை எல்லாம் கங்காரு. அதுவும் அம்மாக்கள் போட்ட கங்காரு. எட்டு வயதுப் பிள்ளை இவ்வளவு நேராகப் புள்ளி வைத்தால் நான் வேலையை விட்டுவிடுகிறேன்.

எவாஞ்சலின் மட்டும் தன் கையால் வரைந்திருந்தாள். அட்டை முழுக்க நீலப் புள்ளி, நடுவில் சிவப்பாக ஒரு சின்னச் சதுரம். எனக்கு உயிர் வந்தது. பள்ளிக் கண்காட்சியில் அதை வாசலிலேயே மாட்டுவதென்று முடிவு செய்தேன்.

பொறுக்குமா? சாயங்காலமே கோவில்பதாகைப் பகுதியிலிருந்து அவள் அப்பா பால்ராஜ், பேக்டரி சட்டையோடு, கையில் ஒரு கங்காருவோடு, அவளையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

“இன்னா மிஸ், எல்லாரும் அழகா போட்டுகினு வந்துகீறாங்க, எம் பொண்ணுது மட்டும் வெறும் நீலமா கீது. இத்த மாட்டுங்க.”

எரிச்சலை அடக்கிக்கொண்டு, படம் என்னவென்று அவளையே சொல்லச் சொன்னேன். மழைவெள்ளம் வந்த அன்று எங்கள் தெரு என்றாள். சிவப்பு, அவளும் அம்மாவும் உட்கார்ந்திருந்த மொட்டைமாடி.

பால்ராஜ் அட்டையை உற்றுப் பார்த்தார். அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள், தண்ணீர் இந்தப் பக்கம் வரவில்லை, கால்வாய்ப் பக்கம்தான் வந்தது என்று பட்ஸை எடுத்து அவரே புள்ளி வைக்கக் குனிந்தார். தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

எவாஞ்சலின் அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“நீ அன்னிக்கு ஊட்ல இல்லப்பா.”

கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் எனக்கே வலித்தது. அன்று அவர் ஷிப்டுக்குப் போனவர், தண்ணீர் வடிந்த பிறகுதான் வீடு வந்தாராம். பட்ஸை வைத்துவிட்டுப் பிள்ளைகள் பெஞ்சில் உட்கார்ந்தார்.

“ரொம்ப பயந்துட்டியாம்மா?”

அவள் தலையாட்டினாள். இதைக் கேட்க இந்த மனிதருக்கு இத்தனை நாளா ஆக வேண்டும்?